மறைத்து வைத்த மாத்திரை



வேலை முடிந்து வீடு திரும்பி, குளித்து, சோறு வடித்து, பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு இப்போதுதான் சற்று உட்கார்ந்திருப்பீர்கள். இந்த நேரத்தில் நோயைப் பற்றிப் பேச வருகிறோமே என்று வருந்தாதீர்கள். நல்ல மருந்து கையில் இருந்தும் அதைச் சாப்பிட முடியாமல் சிலர் தவிக்கிறார்கள். அதற்கு நாமும் ஒரு காரணமாக இருக்கிறோம். ஆகவேதான் பேச வேண்டியிருக்கிறது. எச்.ஐ.வி. என்னும் கிருமியைப் பற்றியும், அதற்கான மாத்திரையை நாள் தவறாமல் சாப்பிடுவதைப் பற்றியும் இன்று சிந்திப்போம். பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் எழுந்து போகச் சொல்ல வேண்டியதில்லை. வளர்ந்த பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டிய செய்திதான் இது.

முதலில் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறோம். யாருடைய அடையாளமும் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு நாள் பள்ளி விட்டபின் ஒரு தாய் எங்களைத் தேடி வந்தார். அவருடைய மகன் ஐந்தாம் ஆண்டு மாணவன். ஒரு வாரமாக வகுப்புக்கு வரவில்லை. காய்ச்சலா என்று கேட்டோம். “அவனுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். அவங்க அப்பாதான் படுத்துக் கிடக்கிறாரு. நான் வேலைக்குப் போனா அவரைப் பார்த்துக்க ஆள் இல்ல. அதான் இவனை நிறுத்திட்டேன்” என்றார். அதற்குமேல் பேச்சு வரவில்லை, அழுதார். அழுது முடித்தபின் சொன்னார்.

கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலை செய்பவர். எச்.ஐ.வி. கிருமி இருப்பது தெரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மனைவிக்கு மட்டுமே தெரியும். மனைவியும் பிள்ளைகளும் சோதித்துக்கொண்டார்கள். அவர்களுக்குக் கிருமி இல்லை. அவருக்கு மாத்திரை கொடுத்தார்கள். இரவில் ஒரு வேளை, அவ்வளவுதான். அவர் போத்தலின் மேல் இருந்த தாளைச் சுரண்டி எடுத்துவிட்டு, மாத்திரையை ஒரு பழைய மைலோ டின்னில் போட்டு அலமாரியின் உச்சியில் ஒளித்து வைத்தார். எல்லோரும் தூங்கிய பிறகு எடுத்துச் சாப்பிடுவார். ஒன்றரை ஆண்டு இப்படியே ஓடியது. உடம்பு தேறி, வேலைக்கும் ஒழுங்காகப் போய் வந்தார்.

பிறகு தீபாவளி வந்தது. பேராக்கிலிருந்து உறவினர் வந்து எட்டு நாள் தங்கினார்கள். சிறிய வீடு; அலமாரி இருந்த அறையில்தான் பெண்களும் குழந்தைகளும் படுத்தார்கள். டின்னை எடுக்க வழியில்லை. எட்டு நாளும் மாத்திரை இல்லை. உறவினர் புறப்பட்டுப் போனபின் அவர் மனத்தில் ஓர் எண்ணம் புகுந்தது: ‘எட்டு நாள் விட்டோம், ஒன்றும் ஆகவில்லையே!’ அதன்பின் வாரத்தில் இரண்டு நாள் விடுவார்; வெளியூர் போனால் மூன்று நாள் விடுவார். கிளினிக்கில் கேட்டபோது, “தவறாமல் சாப்பிடுகிறேன்” என்றே சொல்லி வந்தார். சில மாதங்களில் எடை குறைந்தது, இருமல் வந்தது, படுக்கையில் விழுந்தார்.

“டாக்டர்கிட்டகூடப் பொய் சொல்லிட்டாரு டீச்சர்” என்று அந்தத் தாய் சொன்னார். அவர் சொன்னதில் கோபத்தைவிட ஆற்றாமையே மிகுதியாக இருந்தது.

நேயர்களே, அந்த எட்டு நாளில் அவர் உடம்புக்குள் என்ன நடந்தது? தோட்டத்து மக்களாகிய நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினம் அன்று. லாலாங் புல்லை நாம் எல்லோரும் அறிவோம். மேலே வெட்டினால் தரை சுத்தமாகத் தெரியும். ஆனால், அடியில் வேர்க்கிழங்கு உயிரோடு கிடக்கும். கத்தியைக் கீழே வைத்த சில நாளில் மறுபடியும் தலை நீட்டும். எச்.ஐ.வி. கிருமியும் அப்படித்தான். மாத்திரை அதைப் பெருகவிடாமல் அடக்குகிறது. இரத்தத்தில் தேடினாலும் கிடைக்காத அளவுக்குக் குறைத்துவிடுகிறது. ஆனால், சில உயிரணுக்களுக்குள் கிருமி உறங்கிக்கொண்டே இருக்கும். அதை வேரோடு பிடுங்கி எறியும் மாத்திரை இன்னும் வரவில்லை. ஆகவே, நாள்தோறும் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. புல்லுக்கு மருந்தடிக்கும் பெண்களைக் கேளுங்கள். அளவு குறைத்துக் கலந்து அடித்தால் என்ன ஆகும்? வலுவற்ற புல் சாகும், வலுவுள்ளது பிழைக்கும். பிழைத்தது விதை போடும். பிறகு அந்தக் காட்டில் அதே மருந்தை எவ்வளவு அடித்தாலும் பயன் இராது. விட்டு விட்டு மாத்திரை சாப்பிடுபவரின் உடம்பிலும் இதுதான் நடக்கிறது. உடம்பில் மருந்தின் அளவு இறங்கும்போது, அந்தக் குறைந்த மருந்துக்கு ஈடு கொடுக்கும் கிருமிகள் பிழைத்துப் பெருகுகின்றன. இதை மருந்து எதிர்ப்பு என்பார்கள். அப்புறம் வேறு மருந்துக்கு மாற வேண்டும். மாற்று மருந்துகள் இருக்கின்றன. ஆனால், அவை கணக்கில் அடங்கியவை. ஒவ்வொன்றாக இழந்துகொண்டே போவது நல்லதா?

இந்த மருந்து எதிர்ப்பு நம் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் புதியதன்று. சுங்கை பூலோவைப் பெரியவர்கள் அறிவார்கள். 1930-ஆம் ஆண்டில் அங்கே தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது. ‘நம்பிக்கைப் பள்ளத்தாக்கு’ என்று அதற்குப் பெயர். தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் குடும்பத்தைப் பிரிந்து அங்கே வாழ்ந்தார்கள். டாப்சோன் என்னும் மாத்திரை வந்தபின் தொழுநோய் அடங்கத் தொடங்கியது. ஆனால், பல ஆண்டு மருந்து உண்ட சிலருக்கு நோய் திரும்பி வந்தது. அவர்களின் கிருமி அந்த மருந்துக்குப் பணிய மறுக்கிறது என்பதை, சுங்கை பூலோவில் பணியாற்றிய ஆய்வாளர்கள் இங்கிலாந்து அறிஞரோடு சேர்ந்து 1964-ஆம் ஆண்டில் மெய்ப்பித்தார்கள். தொழுநோய்க் கிருமி மருந்தை எதிர்க்கும் என்பதற்கு ஆய்வுக்கூடத்தில் கிடைத்த முதல் சான்று அதுவே. பிறகு உலக சுகாதார நிறுவனம், பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை 1981-ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. ஒரு மருந்துக்குத் தப்பும் கிருமியை இன்னொரு மருந்து பிடித்துக்கொள்ளும் அல்லவா?

எச்.ஐ.வி. மருந்தின் வரலாறும் இதே வழியில்தான் நடந்தது. மலேசியாவில் இக்கிருமி முதன்முதலில் 1986-ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில்தான் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் இந்தியாவில் முதன்முறையாக அதைக் கண்டறிந்தார்கள். 1987-ஆம் ஆண்டில் சிடோவுடின் என்னும் முதல் மருந்து வந்தது. தனியே கொடுத்தபோது அதன் பலன் நெடுநாள் நிலைக்கவில்லை. 1996-ஆம் ஆண்டு வாக்கில் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கியபின்தான் சாவு குறைந்தது. அன்று கைநிறைய மாத்திரை. விலையோ ஏழைக்கு எட்டாதது. 2003-ஆம் ஆண்டில் நம் அரசாங்கம் தனி அனுமதி வழங்கி, இந்தியாவில் தயாரான மலிவு மருந்துகளை இறக்குமதி செய்ய வழி செய்தது. இன்று அரசு மருத்துவமனைகளில் மலேசியக் குடிமக்களுக்கு முதல் நிலை மருந்து இலவசம். பலருக்கு ஒரு நாளைக்கு ஒரே ஒரு மாத்திரை போதும். அந்த ஒன்றுக்குள்ளேயே இரண்டு மூன்று மருந்துகள் அடங்கியிருக்கின்றன.

ஒழுங்காகச் சாப்பிட்டால் என்ன கிடைக்கும்? முதலாவது, ஆயுள். காலத்தோடு தொடங்கித் தவறாமல் சாப்பிடுபவர் மற்றவர்களைப் போலவே வேலை செய்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, பேரப்பிள்ளைகளையும் பார்க்கலாம். இரண்டாவது, குடும்பத்துக்குப் பாதுகாப்பு. கணவன் மனைவியரில் ஒருவருக்கு மட்டும் கிருமி இருந்த 1,763 தம்பதியரை ஒன்பது நாடுகளில் ஆராய்ந்தார்கள். சென்னைத் தம்பதியரும் அவர்களில் இருந்தார்கள். உடனே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைவருக்குத் தொற்றுவது நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு குறைந்தது என்று 2011-ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். பின்னர் நடந்த ஆய்வுகள் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டன: இரத்தத்தில் கிருமி தென்படாத நிலையில் தொடர்ந்து இருப்பவரிடமிருந்து தாம்பத்திய உறவின் வழியாகக் கிருமி தொற்றாது. மூன்றாவது, பிறக்கும் பிள்ளைக்குப் பாதுகாப்பு. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்று மலேசியாவுக்கு 2018-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. கர்ப்பிணிகளுக்குச் சோதனை, கிருமி இருந்தால் உடனே மருந்து என்னும் ஏற்பாட்டால் வந்த பெருமை அது. குழந்தைக்கு எந்தப் பால் கொடுப்பது என்பதில் மட்டும் மருத்துவர் சொல்வதையே கேட்க வேண்டும்.

இத்தனை நன்மை இருந்தும் ஏன் சிலர் மாத்திரையை விடுகிறார்கள்? மறதி ஒரு காரணம்தான். ஆனால், பெரிய காரணம் வெட்கமும் பயமும். கிள்ளானிலேயே பெரிய அரசு மருத்துவமனை இருக்கிறது. ஆயினும் அங்கே தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடுவோமோ என்று அஞ்சி, கோலாலம்பூருக்கு ரயிலேறிப் போகிறவர்கள் உண்டு. சென்ட்ரல் நிலையத்தில் யாராவது எதிர்ப்பட்டால், “பிரிக்பீல்ட்ஸுக்குத் துணி எடுக்க வந்தேன்” என்று ஒரு சாக்கு. ரயில் செலவு, ஒரு நாள் சம்பளம், மண்டோரிடம் சொல்ல ஒரு பொய். இத்தனையும் சேர்ந்தால் அடுத்த முறை போக மனம் வருமா? ஒரு மாதம் போகாவிட்டால் ஒரு மாதம் மருந்தில்லை. பயம் தூரத்தைக் கூட்டுகிறது. தூரம் மருந்தைக் குறைக்கிறது.

இப்போது, மாத்திரை சாப்பிடுபவர்களும் வீட்டாரும் கவனிக்க வேண்டிய சிலவற்றைச் சொல்கிறோம்.

மாத்திரையை நாள்தோறும் தவறாமல் செய்யும் ஒரு காரியத்தோடு முடிச்சுப் போட்டுவிடுங்கள். அதிகாலையில் பெரட்டுக்குப் போகிறவர்கள் காலை அவசரத்தில் மறந்துவிடலாம். அவர்களுக்கு இரவுச் சாப்பாட்டு நேரமோ வானொலிச் செய்தி நேரமோ பொருந்தும். கைத்தொலைபேசியில் மணி வைத்துக்கொள்ளலாம். ஏழு நாளுக்கு ஏழு அறை கொண்ட சிறு பெட்டி மருந்துக் கடையில் கிடைக்கும். இன்றைய மாத்திரை சாப்பிட்டோமா இல்லையா என்ற ஐயமே வராது.

ஒரு வேளை தவறினால் கலங்க வேண்டாம். நினைவு வந்தவுடன் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் அந்த ஒன்றை மட்டும் சாப்பிட வேண்டும். ஈடு கட்டுவதற்காக இரண்டைச் சேர்த்து விழுங்கக் கூடாது. உங்கள் மாத்திரைக்கு எத்தனை மணி நேரக் கணக்கு என்பதை மருந்து கொடுப்பவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்தில் சில தொல்லைகள் வரலாம். எபவிரென்ஸ் என்னும் மருந்து சிலருக்குத் தலைசுற்றலையும் விசித்திரக் கனவுகளையும் தரும். அதனால்தான் அதைப் படுக்கப் போகும்போது சாப்பிடச் சொல்வார்கள். தொல்லை பொறுக்க முடியாததாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மாற்றித் தருவார். நாமாக நிறுத்துவது கூடாது. தோலில் தடிப்பும் காய்ச்சலும் சேர்ந்து வந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வேறு மருந்துகளில் எச்சரிக்கை வேண்டும். டொலுடெகிராவிர் என்னும் மருந்தை வயிற்றெரிச்சல் மருந்தோடோ, இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடோ ஒன்றாக விழுங்கினால் அது உடம்பில் சேர்வது குறையக்கூடும். காசநோய் மருந்துக்கும் எச்.ஐ.வி. மருந்துக்கும் இடையே அளவை மாற்ற வேண்டியிருக்கும். நாட்டு மருந்து, லேகியம், எண்ணெய் எதுவானாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ‘இதைச் சாப்பிட்டால் அந்த மாத்திரையே வேண்டாம்’ என்று யாராவது விற்க வந்தால், அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

விரத நாளில் மாத்திரை வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். தைப்பூசத்துக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்து பத்துமலைக்குக் காவடி எடுப்பவரும் மாத்திரையை விட வேண்டியதில்லை. மருந்து உண்பதால் விரதம் கெடாது. இரவெல்லாம் நடந்து போகிறவர்கள் இரண்டு நாள் மாத்திரையைச் சட்டைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். உறவினர் வீட்டுக்குப் போனாலும் அப்படியே. தங்கும் நாளைவிட மூன்று நாள் மாத்திரை கூடுதலாகவே இருக்கட்டும்.

மது மாத்திரையை மறக்கடிக்கும். சம்சு குடித்துவிட்டுத் திண்ணையில் விழுந்து கிடப்பவருக்கு மாத்திரை நினைவு எங்கே வரும்? குடியை உடனே விட முடியாதவர்கூட, முதலில் மாத்திரையைச் சாப்பிட்டுவிட வேண்டும். குடித்த நாள் என்று மாத்திரையைத் தள்ளக் கூடாது.

மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த மருந்துக்கு ஏற்பாடு செய்யுங்கள். மீதி மருந்தை வீட்டுக்கு அருகில் உள்ள அரசு கிளினிக்கில் வாங்கவோ அஞ்சலில் பெறவோ வசதி உண்டா என்று மருந்தகத்தில் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதற்கு? மாத்திரை தவறிய நாள்களையும் மறைக்காதீர்கள். மருத்துவர் நம்மைத் திட்டுவதற்காகக் கேட்கவில்லை. எந்த மருந்து இன்னும் வேலை செய்யும் என்று கணக்குப் பார்க்கவே கேட்கிறார்.

இனி வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் ஒரு சொல். ஒரே தட்டில் சாப்பிடுவதால் எச்.ஐ.வி. தொற்றாது. ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதால் தொற்றாது. இருமல், தும்மல், வியர்வை, கொசுக்கடி எதனாலும் தொற்றாது. பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிப்பதாலும் தொற்றாது. பாதுகாப்பற்ற உடலுறவு, ஒருவர் குத்திய ஊசியை இன்னொருவர் குத்திக்கொள்வது, கிருமி கலந்த இரத்தம், மருந்து சாப்பிடாத தாயிடமிருந்து குழந்தை ஆகிய வழிகளில்தான் பரவுகிறது. ஆகவே, தனித் தட்டும் தனித் தம்ளரும் வைப்பதால் எந்தக் கிருமியும் சாகப் போவதில்லை. அந்த மனிதரின் மனம்தான் நொந்து போகும். மனம் நொந்தவர் மாத்திரையை மறைப்பார். மறைத்த மாத்திரை ஒரு நாள் தவறும்.

சுங்கை பூலோவை மறுபடியும் நினைத்துப் பாருங்கள். தொழுநோய் மருந்தால் குணமாயிற்று. குணமான பின்னும் எத்தனையோ பேர் வீடு திரும்பாமல் அங்கேயே முதுமை அடைந்தார்கள். ஏற்றுக்கொள்ள வீடு இல்லை. மருந்து தன் வேலையைச் செய்துவிட்டது; மனிதர்கள் தங்கள் வேலையைச் செய்யவில்லை. அதே சுங்கை பூலோவில் 2006-ஆம் ஆண்டில் திறந்த பெரிய மருத்துவமனையில்தான் இன்று எச்.ஐ.வி. நோயாளர் பலர் மருந்து பெறுகிறார்கள். அன்று நம் முன்னோர் செய்த தவற்றை நாமும் செய்ய வேண்டுமா?

திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தை முடிக்கும்போது, மருத்துவத்துக்கு நான்கு கூறு சொல்கிறார். நோயுற்றவர் ஒருவர்; மருத்துவர் ஒருவர்; மருந்து ஒன்று; பக்கத்தில் இருந்து கவனித்துக் கொடுப்பவர் ஒருவர். இந்த நான்காமவர் யார்? மருத்துவமனையில் தாதி. வீட்டுக்கு வந்தபின் நாம்தான். மூன்று கூறும் இன்று நம் நாட்டில் இருக்கின்றன. நான்காவதும் சேர்ந்தால்தான் மருத்துவம் முழுமையாகும்.

அந்த மாணவனின் தந்தை என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மனைவியே அவரை மருத்துவமனைக்கு அழைத்துப் போய், விட்டுப்போன நாள்களை ஒன்றுவிடாமல் சொல்ல வைத்தார். காசநோயும் சேர்ந்திருந்தது. பழைய மருந்து பயன்படாது என்று கண்டு வேறு மருந்து கொடுத்தார்கள். தேறி எழ நெடுங்காலம் பிடித்தது. அவர் வீட்டுக்கு வந்த அன்று, மனைவி மைலோ டின்னைக் குப்பையில் போட்டுவிட்டு, மாத்திரைப் பெட்டியைச் சமையலறைத் தட்டில் மாமியாரின் இனிப்புநீர் மாத்திரைக்குப் பக்கத்தில் வைத்தார். மாமியார் ஒரு முறை கேட்டாராம், “இது யாருக்கு?” என்று. “உங்க மகனுக்குத்தாம்மா. உங்களுக்கு மாதிரி அவருக்கும் தினமும் சாப்பிடணும்.” அந்த அம்மாள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இரவானால், “டேய், மாத்திரை போட்டியா?” என்று மகனைக் கேட்டுவிட்டுத்தான் தம்முடையதை விழுங்குகிறாராம்.

என்ன நோய் என்று அந்தத் தாய்க்கு இன்றுவரை தெரியாது. சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அந்த மகனின் விருப்பம். நோயாளரின் செய்தியை அவர் அனுமதி இல்லாமல் வெளியே சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால், ஒரு வீட்டில் மாத்திரையைப் பயமில்லாமல் எடுத்துச் சாப்பிட ஒரு தட்டு இருந்தால் போதும். மகன் மறுபடியும் பள்ளிக்கு வந்தான். விடுபட்ட பாடங்களை நாங்கள் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தோம்.

நேயர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ யாராவது ஒருவர் மாத்திரையை ஒளித்து வைத்திருக்கலாம். அவர் யார் என்று நாம் துருவிக் கேட்க வேண்டாம். எச்.ஐ.வி. என்ற பேச்சு வரும்போது நாம் முகம் சுளிக்கிறோமா, இல்லை நல்ல வார்த்தை சொல்கிறோமா என்பதை அவர் ஒரு மூலையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். அதை நினைவில் வைத்துப் பேசுவோம். ஐயம் உள்ளவர்கள் அருகில் உள்ள அரசு கிளினிக்கில் சோதித்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்தியவர்கள் நாளைக்கே மருத்துவரிடம் போங்கள். காலம் கடந்துவிடவில்லை.

இன்று இரவு சாப்பிட வேண்டிய மாத்திரை இருந்தால், இதோ, நேரமாகிவிட்டது. எடுத்துச் சாப்பிடுங்கள்.